வெப்பப் படத்தில் ஓர் இடக்கைக்காரன்

வாருங்கள். மூக்கைப் பொத்தாமல், முகத்தைத் திருப்பாமல் வாருங்கள். ஸர்க்கா நகரத்து ரும்மான் சந்தில் எரிந்து நிற்கும் இரண்டு வீடுகளுக்கு முன்னால் வந்து நில்லுங்கள். கருகிய மெத்தையைப் பாருங்கள். உருகி வழிந்து, மறுபடி உறைந்து கிடக்கும் அந்த நீலநிறத் தொட்டிலைப் பாருங்கள். அதில் உறங்கியவளை ஈரக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு புகைக்குள் ஓடினாள் தாய். உயிர் தப்பியது. ஆனால் கேளுங்கள்: அந்தக் குழந்தை யாரைக் கொன்றாள்? அவளுக்கு நான்கு பற்கள் முளைத்திருந்தன. அவளிடம் இருந்த ஆயுதம் அவ்வளவே!

சனிக்கிழமை சூரியன் மறைந்த நேரத்தில், கட்டட ஒப்பந்தக்காரர் முக்லத் தன் வீட்டு மொட்டை மாடியில் மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் இரத்தம் தோய்ந்த பைப் ரெஞ்ச். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் தல்ஜி கைதானான். குற்றவாளி என்று சொல்லப்பட்டவன் ஒருவன். விரட்டப்பட்டவையோ எட்டு வீடுகள்! அண்ணன் வீடு, தம்பி வீடு, சிற்றப்பன் வீடு, சிற்றப்பன் மகன் வீடு. கொன்றவனின் இரத்தம் எவன் உடம்பில் ஓடினாலும் அவன் இந்தச் சந்தில் மூச்சு விடக் கூடாது என்பது நம் சட்டம். எழுதாத சட்டம், ஆனால் எழுதிய சட்டங்களைவிட வேகமாக ஓடிவரும் சட்டம். இரண்டு வீடுகள் எரிந்த பிறகே பெரியவர்கள் கூடினார்கள். மூன்று நாளும் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கும் தவணை வாங்கினார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொடங்கிய அந்தத் தவணை, புதன் மாலை நான்கு மணிக்கு முடியும். முடிந்ததும் மிச்சமிருக்கும் ஆறு வீடுகளும் எரியும்.

சாட்சி யார்? மனிதர் எவருமில்லை. ஒரு படம். கைபேசியின் வாலில் செருகும் தீப்பெட்டி அளவு வெப்பக் கேமராவில் எடுத்த ஒரே ஒரு படம். கருநீலப் பின்னணி. நடுவே தணல் நிறத்தில் ஓர் ஆள், முகம் வெள்ளையாய் எரிய, நம்மைப் பார்த்து நிற்கிறான். உயர்த்திய இடக்கை. கையின் நுனியில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி. “ரெஞ்ச்! ரெஞ்ச்!” என்று கத்தியது சந்து. இடக்கையால் ரொட்டி கிள்ளியதற்காகச் சிறுவயதில் தாயிடம் அடி வாங்கியவன் அங்கே ஒருவன்தான். அவன் தல்ஜி.

புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. துப்பறிபவர் ருவைதா வந்த கார் சந்துக்குள் திரும்பும் முன்பே முதல் கல் வந்தது. முன்கண்ணாடி சிலந்தி வலையாகி உள்ளே உதிர்ந்தது.

“நல்லதாப் போச்சு, உஸ்தாதா” என்றான் ஓட்டிவந்த ஷுக்ரி; ‘அம்மணி’ என்பதுபோல் அவரை அப்படித்தான் அழைப்பான். ஐம்பது வயது, அரை மூட்டை வயிறு, ருவைதாவிடம் எட்டு ஆண்டு வேலை. “காத்து வரலன்னு நேத்துத்தான் குறைப்பட்டீங்க.”

“நெத்தியில ரத்தம் வருது உனக்கு.”

“மூளைக்குப் போக வேண்டிய ரத்தம். அங்க வேலை இல்லன்னு வெளிய கிளம்பிடுச்சு.”

ருவைதா இருபது ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்த் தீ விபத்துகளைப் பிரித்துப் பார்த்தவர். தீயைக் கண்டு அஞ்சமாட்டார். தீ வைத்தவன் சொல்லும் கதையைக் கண்டே எச்சரிக்கையாவார். கண்ணாடித் துண்டுகளைப் பாவாடையிலிருந்து தட்டிவிட்டு இறங்கி, மூன்றாவது கதவைத் தட்டினார். ஆறு வீடுகளில் ஐந்து பூட்டிக் கிடந்தன. பூட்டாத இந்த ஒன்றில், உள்ளே தாழிட்டுக்கொண்டு, தல்ஜியின் மனைவி நௌஃபா நான்கு நாளாக ஒற்றையாய் இருந்தாள். அவள்தான் இவர்களை அழைத்தவள்.

“கதவைத் தொறந்து வெளிய வந்துடும்மா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார் ருவைதா.

“வெளிய வந்தா நாங்கதான் கொன்னோம்னு ஆயிடும், உஸ்தாதா. வரமாட்டேன். கொளுத்தட்டும். சுவத்தோட சேர்த்து என்னையும் கொளுத்தட்டும்.”

“நாலு மணி வரைக்கும் நேரம் குடு.”

“அதுக்கு மேல குடுக்க எங்கிட்டயும் நேரம் இல்ல.”

முக்லத்தின் கட்டடத்து வாசலில் துக்கப் பந்தல். அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது பேரின் கண்களிலும் ஒரே கேள்வி: மணி என்ன? இறந்தவரின் அண்ணன் ஷாஹிர் எழுந்து வந்தார். வந்த வேகத்தில் ஷுக்ரியின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அறைந்து, தாடைக்குக் கீழே துப்பாக்கியை வைத்தார்.

“கொலைகாரன் வீட்டு ஆளுங்களுக்கு இங்க என்ன வேலை?”

“யா ஷேக்” என்றான் ஷுக்ரி, முகத்தை மேலே தூக்கியபடி, “கொஞ்சம் வலப்பக்கம் வைங்க. இடப்பக்கம் பல்லு ஏற்கெனவே ஆடுது.”

“அவனை விடுங்க, அபூ முக்பில்” என்றார் ருவைதா, ஷாஹிரை அவர் மகன் பெயரால் மரியாதையாக அழைத்து. “நாலு மணி வரைக்கும் நீங்க வாக்குக் குடுத்தவர். வாக்குல இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் மிச்சம் இருக்கு. எனக்கு அந்தப் படம் வேணும். சந்துல சுத்துறது வேண்டாம். உங்களுக்கு முதல்ல வந்தது.”

வாக்கு என்ற சொல் வேலை செய்தது. துப்பாக்கி இறங்கியது. கைபேசி நீண்டது.

சந்தில் சுற்றிய படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தன. இதில் அப்படியில்லை. வலது ஓரத்தில் நிறங்களின் பட்டை ஒன்று நின்றது. மேலே முப்பத்தாறு டிகிரி. கீழே, கருநீலத்துக்கு நேராக, மைனஸ் பத்தொன்பது. நீலத்தின் நடுவே, ஆளின் தோளுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு சிறு மஞ்சள் சதுரம்.

“பட்டை இல்லாம நாங்க படம் குடுக்கறதே இல்ல, உஸ்தாதா” என்றது ஒரு குரல். “அதுதான் எங்க தொழிலுக்கு முத்திரை.”

பேசியவன் பர்ஜஸ். வீடுகளில் தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடிப்பவன். இறந்தவரோடு பத்தாண்டு ஒரே தட்டில் சாப்பிட்டவன். எதிர்க் கட்டடத்து மாடியில் வெந்நீர்க் கலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தெருவுக்கு இந்தப் பக்கம் கொலைகாரனைக் கண்டு படமெடுத்ததாகச் சொன்னவனும் இவன்தான். நண்பனுக்காக அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன.

“அருமையான படம்” என்றார் ருவைதா. “நானும் ஒரு கருவி வாங்கினேன், பர்ஜஸ். எதை எடுத்தாலும் குழம்பு கொட்டின மாதிரி வருது. நீங்க மட்டும் எப்படி இப்படி எடுக்கறீங்க?”

தொழிலைப் புகழ்ந்தால் துக்கம் ஒரு நிமிடம் விலகி நிற்கும். பர்ஜஸ் நிமிர்ந்தான்.

“செருகினதும் எடுக்கக் கூடாது. கருவியோட சூடு நிலைக்கு வரணும், அஞ்சு நிமிஷம் காத்திருங்க. வெயில் இறங்கினப்புறம் எடுங்க. நிறத்தை அதும்பாட்டுக்கு மாத்த விடாதீங்க, வெப்ப அளவை ஒரே நிலையில பூட்டி வைங்க. எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போங்க, இந்த மலிவு கேமராவுக்குத் தூரத்துக் கண்ணே கிடையாது. பளபளக்கிற உலோகத்தை மட்டும் நம்பாதீங்க. அது பொய் சொல்லும். அது மேல கறுப்பு டேப்பு ஒரு துண்டு ஒட்டி, டேப்போட சூட்டைத்தான் படிக்கணும்.”

“நன்றி” என்றார் ருவைதா. “நல்ல வாத்தியார் நீங்க.”

மொட்டை மாடியில் காய்ந்த இரத்தம் இன்னும் கழுவப்படவில்லை. இறந்தவர் விழுந்த இடத்திலிருந்து மூன்றடியில், சதுரமான தகரத் தண்ணீர்த் தொட்டி. அதன் வடக்கு முகம் நிழலில் இருந்தது. ருவைதா தன் கருவியைச் செருகிய கைபேசியை ஷுக்ரியிடம் கொடுத்தார்.

“எதிர் மாடிக்குப் போ. பர்ஜஸ் நின்னதாச் சொல்ற இடத்துலேருந்து என்னைப் படம் எடு. அவர் சொன்ன மாதிரியே, அவசரப்படாம.”

இருபது நிமிடம் கழிந்தது. எதிர் மாடியில் ஷுக்ரி இரு கைகளாலும் கைபேசியைப் பிடித்து நிற்பது தெரிந்தது. பிறகு கையை ஆட்டி, ஏதோ சொல்லிச் சிரித்தான். காற்று அதைக் கொண்டுவந்தது.

“உஸ்தாதா! நீங்க ஒரு வறுத்த கடலை! கை இல்ல, கால் இல்ல, முகம் இல்ல! ஒரே ஒரு கடலை!”

அதற்குள் ருவைதா தொட்டியின் முகத்தை விரல்களால் தடவி முடித்திருந்தார். தோள் உயரத்தில் விரல் நின்றது. கறுப்பு டேப்பு. கட்டைவிரல் அகலம். அதை அவர் பிய்க்கவில்லை. அதற்குக் கீழே ஓர் ஆணித் துளை. உள்ளே மெழுகு வைத்து அடைத்த, நான்கு நாள் பழமையான துளை. அதையும் தொடவில்லை.

அப்போது இந்தக் கட்டடத்துப் படிக்கட்டில், ஷுக்ரி திரும்பி ஏறிவரும் வழியில், ஒரு சத்தம். மரம் பிளப்பதுபோல் ஒரு சத்தம்; தொடர்ந்து ஒரு கனத்த உடம்பு உருளும் சத்தம்.

ருவைதா ஓடினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஷுக்ரி கிடந்தான். காதுக்குப் பின்னால் தோல் கிழிந்து, சட்டைக் காலர் சிவந்து கொண்டிருந்தது. கைபேசியும் கருவியும் இல்லை.

“இருட்டா இருந்துச்சு. ஆள் தெரியல. பின்னால இருந்து ஒரே போடு.”

“எழுந்திரிக்க முடியுமா?”

“முடியும். கைபேசிய எடுத்துட்டு மண்டையை விட்டுட்டுப் போயிட்டான். எது விலை போகும்னு தெரிஞ்ச திருடன்.”

“திருடன் இல்ல ஷுக்ரி. கடலைக்குப் பயந்தவன்.”

மணி மூன்றரை. சந்தில் பெட்ரோல் கேன்கள் வந்து இறங்கின. அந்த வாசனை மாடிவரை ஏறியது. ருவைதா மாடி விளிம்பில் நின்று கீழே குரல் கொடுத்தார்.

“அபூ முக்பில்! தம்பியக் கொன்னவனைக் காட்டறேன். எல்லாரும் மேல வாங்க. பர்ஜஸோட கேமராவையும் கொண்டு வாங்க!”

வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மாடியில், மற்றவர்கள் படிகளில். கேமராவைக் கேட்டபோது பர்ஜஸ், “பேட்டரி தீர்ந்து போச்சு” என்றான். ஷாஹிர் அவன் சட்டைப் பையிலிருந்து அதை உருவினார். தன் கைபேசியில் செருகினார். பேட்டரியில் எண்பது சதவீதம் இருந்தது.

“தொட்டிக்கு நேரா, மூணடி தள்ளி நில்லுங்க” என்றார் ருவைதா. “வலது கையில கைபேசிய உயரப் பிடிங்க. திரையைப் பாருங்க.”

ஷாஹிர் நின்றார். கையை உயர்த்தினார். திரையைப் பார்த்தார். அவருடைய முகத்திலிருந்து நிறம் இறங்கியது.

கருநீலத்தின் நடுவே தணல் நிறத்தில் ஓர் ஆள். வெள்ளையாய் எரியும் முகம். உயர்த்திய இடக்கை. கையின் நுனியில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி.

“கண்டுபிடிச்சிட்டீங்க” என்றார் ருவைதா மெல்ல. “உங்க தம்பியக் கொன்னவன் அவன்தான்.”

“இது... இது நான்!”

“அப்ப உங்களைக் கொளுத்தலாமா? உங்க அண்ணன் தம்பி வீடுங்களைக் கொளுத்தலாமா?”

துப்பாக்கி ருவைதாவின் நெற்றிக்கு வந்தது. அவர் இமைக்கவில்லை.

“நம்ம கண்ணுக்கு இது மங்கின தகரம், அபூ முக்பில். முகம் தெரியாது. ஆனா சூட்டுக்கு இது நிலைக்கண்ணாடி. எதிர்ல நிக்கிறவன் சூடு அப்படியே திரும்பும். கண்ணாடியில வலது கை இடது கையாத் தெரியும். நுனியில கொதிக்கிறது ரெஞ்ச் இல்ல. பைப் ரெஞ்சுக்கு எதுக்குக் காய்ச்சல் வரணும்? அது ஓடிக்கிட்டு இருக்கிற கைபேசி. அந்தப் படத்துல எண் மைனஸ் பத்தொன்பது. ஸர்க்காவுல ஐப்பசி மாசத்துல எந்தத் தொட்டியில தண்ணி மைனஸ் பத்தொன்பது? அது தண்ணியோட குளிர் இல்ல. தகரத்துல பிரதிபலிச்ச ஆகாசத்தோட குளிர்; மேகமில்லாத ஆகாசம் இந்தக் கேமராவுக்குப் பனிக்கட்டியாத்தான் தெரியும். படத்துல இருக்கிற ஆள் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சவன் இல்ல. தொட்டிக்கு முன்னால நின்னு படம் எடுத்தவன்!”

படிகளில் நின்றவர்கள் திரையைப் பார்க்க முண்டினார்கள்.

“எதிர் மாடியிலேருந்து எடுத்தா கடலைதான் வரும்” என்றான் ஷுக்ரி, காதைப் பொத்தியபடி. “நான் பார்த்தேன். அதுக்குத்தான் மண்டையில வாங்கினேன்.”

“படத்துல ஒரு மஞ்சள் சதுரம் இருந்துச்சே” என்றார் ருவைதா, “அது இங்க இருக்கு. டேப்பு. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இந்தப் பக்கத் தொட்டியில டேப்பு ஒட்ட எவ்வளவு நீளமான கை வேணும், பர்ஜஸ்?”

பர்ஜஸ் பாய்ந்தான். ஒரு கையால் டேப்பைப் பிய்த்தெறிந்தான். மறு கை இடுப்பிலிருந்து உருவிய குழாய்த் துண்டு ருவைதாவின் தலையை நோக்கி இறங்கியது. ஷுக்ரி தன் முன்கையைக் குறுக்கே கொடுத்தான். எலும்பு முறிந்த ஒலியை மாடியில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ஷாஹிரின் துப்பாக்கி வெடித்தது. குண்டு பர்ஜஸின் தோளை உரசித் தொட்டியைத் துளைத்தது. தண்ணீர் கம்பிபோல் பீறிட்டது.

“இப்பதான்... உண்மையான கசிவு” என்று முனகியபடி சரிந்தான் ஷுக்ரி.

ஷாஹிர் பர்ஜஸின் கழுத்தைப் பிடித்து, அவன் முகத்தை அந்தத் தண்ணீருக்குக் கீழே அழுத்தினார். ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை அவன் அலறினான்.

“ஆணி அடிச்சதைப் பார்த்துட்டான்! நானே ஓட்டை போட்டு நானே கண்டுபிடிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிடுவேன்னான்! பத்து வருஷ சிநேகிதன், ஒரு நிமிஷத்துல என் பேரை அழிச்சிடுவேன்னான்! தொட்டிய எடுத்த படம் கைபேசியில கிடந்துச்சு, அதுல நானே நின்னேன். அதைத்தான் அனுப்பினேன்...”

உண்மை வெளியே வந்துவிட்டது. துப்பறியும் கதை இங்கே முடிந்துவிட வேண்டும், இல்லையா? குற்றவாளி பிடிபட்டான், நிரபராதி பிழைத்தான், புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கலாம் என்றுதானே காத்திருக்கிறீர்கள்?

ஷாஹிர் பர்ஜஸை மற்றவர்களிடம் தள்ளிவிட்டு மாடி விளிம்புக்கு ஓடினார். சந்தைப் பார்த்துக் கத்தினார்:

“பர்ஜஸ்! பர்ஜஸ்தான் கொன்னான்! பின்சந்துல அவன் ஆளுங்களுக்கு ஏழு வீடு! கேனைத் தூக்குங்கடா!”

நாற்பது பேர் ஓடினார்கள். கொஞ்சமும் தயங்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஆறு வீடுகளை எரிக்கக் கொண்டுவந்த அதே கேன்களை, அதே கைகளில், அதே கோபத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெயர் மட்டும் மாறியிருந்தது. ருவைதா படிகளில் கத்திக்கொண்டே இறங்கினார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் ரும்மான் சந்தில் ஒரு தாழ்ப்பாள் விலகியது. நான்கு நாட்கள் எந்த மிரட்டலுக்கும் திறக்காத கதவு திறந்தது. நௌஃபா வெளியே வந்தாள். குறுக்கு வழியே ஓடி, பின்சந்தில் முதல் வீட்டின் வாசலை அடைந்து, முதுகைக் கதவில் சாய்த்து, இரு கைகளையும் விரித்து நின்றாள். அது பர்ஜஸின் வீடு. உள்ளே அவன் மனைவி பிள்ளைகளை வாரி அணைத்து அலறும் குரல் கதவைத் துளைத்து வந்தது.

ஒரு கல் நௌஃபாவின் புருவத்தைக் கிழித்தது. அவள் அசையவில்லை.

“தள்ளு!” என்றார் ஷாஹிர், மூச்சிரைக்க.

“மாட்டேன்.”

“பைத்தியமா நீ? உன் புருஷனை மாட்டிவிட்டவன் வீடு இது! உன் குடியைக் கெடுத்தவன் வீடு!”

“என் குடி மேல பழி போட்டவன் இவன். கொளுத்தினவன் நீ, அபூ முக்பில்.” இரத்தம் கண்ணில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. “நாலு நாளா கதவுக்கு உள்ள உட்கார்ந்து உங்க காலடிச் சத்தத்தைக் கேட்டிருக்கேன். உள்ள இருக்கிறவ இப்ப ஒவ்வொரு காலடியையும் எப்படி எண்ணுவான்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேனைத் தூக்கியிருக்க மாட்டே.”

ருவைதா வந்து அவள் வலப்பக்கம் நின்றார். முறிந்த கையை மறு கையால் தாங்கியபடி ஷுக்ரி வந்து இடப்பக்கம் நின்றான். “எனக்கு இன்னொரு கை மிச்சம் இருக்கு, யா ஷேக்” என்றான். “அவசரப்படாம வாங்க.”

வாசலில் மூன்று பேர். எதிரில் நாற்பது பேர். ஷாஹிரின் விரல்கள் கேனின் மூடியில் இருந்தன. திறக்கவா, மூடவா என்று அவருக்கே தெரியவில்லை.

நான்காவது ஆளாக அந்த வாசலில் வந்து நிற்கப் போகிறவர் யார்? உங்களைத்தான் கேட்கிறேன்! படிக்கிறவரே, பக்கத்தைப் புரட்டாதீர். நாளை உங்கள் ஊரிலும் ஒருவன் கொல்லப்படுவான். ஒரு படம் கைக்குக் கை தாவும். எடுத்தவன் எங்கே நின்றான் என்று கேட்காமல் அதை இன்னொருவனுக்கு அனுப்பாதீர்கள். இரு தரப்புப் பெரியவர்களும் கூடுவார்கள். உங்களையும் அந்த வரிசையில் உட்காரவைப்பார்கள். உங்கள் முன்னால் காப்பிக் கோப்பையை வைப்பார்கள். கேட்டதைக் கொடுக்கும்வரை கோப்பையைத் தொடமாட்டோம் என்பது நம் வழக்கம். பெண் கேட்கவும் மன்னிப்புக் கேட்கவும் அந்த வழக்கத்தைப் பயன்படுத்தினீர்கள். இனி இதற்குப் பயன்படுத்துங்கள். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் ஒருவனே பொறுப்பு என்று அந்தச் சபையில் உரக்கச் சொல்லப்படும்வரை, விரட்டப்பட்டவர் ஒவ்வொருவரும் தன் கதவுக்குத் திரும்பி வரும்வரை, அந்தக் கோப்பையைத் தொடாதீர்கள். ஆறட்டும். ஈ விழட்டும். தொடாதீர்கள்!